கோரைப் பல்லுக்கு அடுத்த பல்

சங்கரலிங்கம் பல் பிடுங்கினால் வேர் உடையாது என்று அருப்புக்கோட்டை வட்டாரம் முழுக்கப் பேச்சு இருந்தது. கன்னத்தைத் துண்டால் சுற்றிக் கட்டிக்கொண்டு பஸ்ஸை விட்டு இறங்குகிறவர்கள் வழி கேட்க வேண்டியதில்லை. அந்தக் கட்டைப் பார்த்ததுமே யாராவது அவர் கடைப் பக்கம் கையை நீட்டுவார்கள்.

அவர் கல்லூரியில் படித்தவர் இல்லை. மதுரையில் ஒரு பல் வைத்தியரிடம் ஆறு வருடம் இருந்து தொழில் கற்றவர். நெடுங்காலம் தொழில் செய்தவர்களுக்கு அரசாங்கம் கொடுத்த பதிவுச் சான்றிதழைக் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருந்தார். ஜனங்கள் 'டாக்டரய்யா' என்றுதான் கூப்பிட்டார்கள். ஆனால் வாசல் பலகையில் 'பல் வைத்தியர்' என்றுதான் எழுத முடிந்தது. ஒவ்வொரு முறை கதவைத் திறக்கும்போதும் அந்தப் பலகையைப் பார்க்காமலே திறந்து பழகியிருந்தார்.

1964-ல் அவருடைய பெரியப்பா மகன் தங்கசாமி, திருச்சுழியில் பலசரக்குக் கடை வைத்திருந்தவர், வெற்றிலை பாக்குத் தட்டோடு வீட்டுக்கு வந்தார். மகள் சௌந்தரத்துக்கு மெட்ராஸில் பல் டாக்டர் படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது.

"தம்பி, ஒன் தொழிலுதான். நீதான் மொதல்ல ஆசீர்வாதம் பண்ணணும்" என்றார் தங்கசாமி.

கூட வந்திருந்த சௌந்தரம் காலில் விழுந்தாள். பதினெட்டு வயதுப் பெண். சங்கரலிங்கம் திருநீறு பூசிவிட்டார். அவர்கள் போன பிறகு மனைவி கோகிலாம்பாளிடம், "பல்லு பிடுங்க அஞ்சு வருசம் படிக்கணுமாக்கும்" என்றார். கோகிலாம்பாள் வெற்றிலைத் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். நின்றிருந்தால் அவர் இன்னும் பேசியிருப்பார் என்று அவளுக்குத் தெரியும்.

மூன்று வருடம் அந்தப் பேச்சே எழவில்லை. 1967 ஆடி மாதத்தில்தான் பந்தல்குடி அழகுத்தாய் கடைக்கு வந்தாள்.

அழகுத்தாய்க்கு முப்பத்தைந்து வயதிருக்கும். பருத்தியும் மிளகாயும் போடுகிற கரிசல் காடு இருபது ஏக்கர். அதை ஆளுகிற குரல். வலி அவளுக்கு இல்லை, அவள் புருஷன் கோட்டைச்சாமிக்கு. சங்கரலிங்கம் பார்த்துவிட்டு, "எடுத்துரணும்" என்றார்.

"எதுக்கு எடுக்கணும்? உள்ள வேர மட்டும் சுத்தம் பண்ணி அடைச்சு வைக்கக் கூடாதா டாக்டரய்யா?" என்றாள் அழகுத்தாய்.

பெஞ்சில் காத்திருந்த ஐந்தாறு பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"அதெல்லாம் நடக்காதும்மா."

"ஏன் நடக்காது? இந்தா, எனக்குப் பண்ணியிருக்கே."

வாயைத் திறந்து காட்டினாள். இடது பக்கம் மேல் வரிசை, கோரைப் பல்லுக்கு அடுத்த பல். மெட்ராஸில் இருக்கிற தம்பி வீட்டுக்கு, அவன் பெண்சாதி பேறுகாலத்துக்குப் போயிருந்தாளாம். அங்கே இந்தப் பல் குத்தத் தொடங்கியது. தம்பி பல் காலேஜுக்குக் கூட்டிப் போனான். அங்கே படிக்கிற பிள்ளைகள்தான் வைத்தியம் பார்க்கிறார்கள், வாத்தியார் பின்னால் நின்று பார்க்கிறார். இவளைப் பார்த்த பிள்ளை பேச்சைக் கேட்டதும் "நீங்க எந்த ஊரு, அருப்புக்கோட்டப் பக்கமா?" என்று கேட்டிருக்கிறாள்.

"திருச்சுழிப் பிள்ளை! சௌந்தரம்னு பேரு. ஏழு தடவ வரச்சொன்னா. மசுரு மாதிரி ஊசிய விட்டுவிட்டுச் சுத்தம் பண்ணுனா. எக்ஸ்ரே படம் எடுத்து எடுத்துப் பாத்தா. வேருக்குள்ள ரப்பர்க் குச்சி மாதிரி எதையோ வச்சு அடைச்சா. இப்ப முறுக்கு கடிக்கிறேன், கரும்பு கடிக்கிறேன்."

சங்கரலிங்கம் சின்னக் கண்ணாடியை எடுத்து அந்தப் பல்லைப் பார்த்தார். மேலே அடைப்பு வழவழவென்று, பல்லோடு பல்லாகச் சேர்ந்திருந்தது. ஈறு ரோஜா நிறத்தில் இருந்தது.

"செத்த பல்லும்மா இது. படிக்கிற பிள்ளைக கை பழகுறதுக்காகப் பண்றது. எத்தன நாளைக்கு நிக்கும்னு பாப்போம்" என்றார்.

"நிக்கிற வரைக்கும் நிக்கட்டும்" என்று சிரித்தாள் அழகுத்தாய். கோட்டைச்சாமியின் பல்லை அவர் எடுத்தார். வேர் உடையவில்லை. அன்றைக்கு அதை யாரும் கவனிக்கவில்லை. பெஞ்சில் இருந்தவர்கள் அழகுத்தாயின் வாயையே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

யாருக்கும் தெரியாத விஷயம் ஒன்று சங்கரலிங்கத்துக்குள் இருந்தது. பத்து வருடத்துக்கு முன்னால் அவரும் வேரைச் சுத்தம் செய்கிற அந்த ஊசிகளை மதுரையில் வாங்கி வந்து முயன்றிருந்தார். பாலவனத்தத்துக்காரர் ஒருவரின் முன்பல். மூன்றாவது நாள் ஊசி வேருக்குள் முறிந்துபோனது. பல்லையே எடுக்க வேண்டியதாயிற்று. மீதி ஊசிகளைப் பெட்டியோடு கொண்டுபோய்க் கண்மாயில் வீசிவிட்டு வந்தார். அவரால் முடியாததை, அவர் திருநீறு பூசி அனுப்பிய பெண், படித்து முடிப்பதற்கு முன்னாலேயே செய்துவிட்டாள்.

அதற்குப் பிறகு அந்தப் பல் அவரை விடவில்லை. பந்தல்குடியிலிருந்து யார் வந்தாலும், "அழகுத்தாய் அம்மா எப்படி இருக்காக? பல்லு ஒண்ணும் பண்ணலையே?" என்று விசாரிப்பார். கேட்பவர்களுக்கு அது அக்கறையாகத் தெரிந்தது. "நல்லா இருக்காக" என்று பதில் வந்தால் அன்றைக்குச் சோறு இறங்காது. சிலர் அவரிடமே கேட்கத் தொடங்கினார்கள்: "எடுக்காமப் பாக்க முடியாதாய்யா? திருச்சுழிப் பிள்ளை பாக்குதாம்ல?"

தங்கசாமி விசேஷ வீடுகளில் மகளைப் பற்றிப் பேசும்போது சங்கரலிங்கம் எழுந்து கை கழுவப் போய்விடுவார். கோகிலாம்பாள் ஒரு நாள் தாங்காமல் சொன்னாள்:

"எவளுக்காவது பல்லு வலிக்காதான்னு காத்துக்கிட்டிருக்கிற வைத்தியர நான் இப்பத்தான் பாக்குறேன்."

"எனக்கென்னடி வந்துச்சு? நிக்காதுன்னு தெரியும், அதான் சொல்றேன்" என்றார் அவர்.

பல் இரண்டு வருடத்துக்கு மேல் நின்றது. 1969 ஐப்பசியில், அடைமழை விட்ட ஒரு காலையில், அழகுத்தாய் கன்னத்தைக் கட்டிக்கொண்டு தனியாக வந்து இறங்கினாள். இடது கன்னம் லேசாக வீங்கியிருந்தது. நான்கு நாளாகத் தூக்கமில்லை. அந்தக் குரல் கூடச் சன்னமாகியிருந்தது.

"அந்தப் பல்லுதான் போல டாக்டரய்யா. அந்தப் பக்கந்தான் கொல்லுது."

சங்கரலிங்கத்துக்கு உள்ளுக்குள் சந்தோஷமாகத்தான் இருந்தது என்று பிற்பாடு அவரே ஒப்புக்கொண்டார். நாற்காலியில் சாய்த்து, கண்ணாடியின் காம்பால் கோரைப் பல்லுக்கு அடுத்த பல்லைத் தட்டினார். அழகுத்தாய் அசையவில்லை. அதற்கும் அடுத்த பல்லைத் தட்டினார். அவள் "ஐயோ!" என்று அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

முப்பது வருடத்துக்குக் கிட்டத் தொழில் பார்த்த கை அது. தட்டினால் எந்தப் பல் பேசுகிறதோ அதுதான் கெட்ட பல் என்று அந்தக் கைக்குத் தெரியும். இரண்டு பல்லுக்கும் நடுவில், ஈறு ஓரத்தில், கூரான கம்பியை விட்டுப் பார்த்திருந்தால் அடுத்த பல்லில் இருந்த சொத்தையைக் கண்டிருப்பார். அவர் கம்பியை எடுக்கவில்லை. ஊசி மருந்தை எடுத்தார்.

"நான் அன்னைக்கே சொன்னேன்லம்மா? செத்த பல்லு. உள்ளுக்குள்ள அழுகிருச்சு. எடுத்துரட்டுமா?"

"எடுங்கய்யா. வலி போனாப் போதும்."

மேல் பல். சன்னமான வேர் இரண்டு. எளிதில் உடைகிற வேர்கள். மரத்துப் போகும்வரை காத்திருந்து, குறட்டைப் பிடித்து, அவசரப்படாமல், இப்படியும் அப்படியுமாக அசைத்து, நூல் பிடித்த மாதிரி இறக்கினார். இரண்டு வேரும் நுனி வரை முழுசாக வந்தன. அவர் செய்ததிலேயே நல்ல வேலை அது. பஞ்சை வைத்துக் கடிக்கச் சொல்லிவிட்டு, பல்லைத் தண்ணீரில் அலசி ஜன்னல் பக்கம் கொண்டுபோனார்.

சீழ் இல்லை. அழுகல் இல்லை. இரண்டு வேரின் நுனியிலும், ஊசிமுனை அளவுக்கு, இளஞ்சிவப்பாக அந்த ரப்பர்க் குச்சியின் முனை தெரிந்தது. கூடவும் இல்லை, குறையவும் இல்லை. கடைசி வரைக்கும் போய், அந்த இடத்தில் நின்றிருந்தது. இப்படியும் ஒரு கை செய்யும் என்று அவர் நினைத்ததில்லை.

அவர் பல்லைப் பஞ்சில் சுற்றினார்.

"அழுகிருச்சாய்யா?" என்று பஞ்சைக் கடித்தபடி கேட்டாள் அழகுத்தாய்.

"ம்" என்றார்.

நான்காம் நாள் அவள் திரும்பி வந்தாள். வலி போகவில்லை, வீக்கம் கூடியிருந்தது. அடுத்த பல்லையும் எடுத்தார். அதன் நுனியில் சீழ்ப்பை பட்டாணி அளவுக்கு ஒட்டிக்கொண்டு வந்தது. "அதுல இருந்த விஷம் இதுக்கும் பரவிருச்சு தாயி" என்று சொன்னார். சொல்லும்போது குரல் ஒழுங்காகவே வந்தது. அது அவருக்கே ஆச்சரியமாக இருந்தது.

வலி போய்விட்டதால் அழகுத்தாய் அவரைத்தான் நம்பினாள். பந்தல்குடி பஸ் நிறுத்தத்தில், பருத்திச் சந்தையில், கிணற்றடியில் எல்லாம் சொன்னாள்: "படிக்கிற பிள்ளைக வைத்தியம் ரெண்டு வருசந்தான்டி. அதுல கெட்டது பக்கத்துப் பல்லையும் கொண்டுபோயிருச்சு. நம்ம டாக்டரய்யா மொதல்லயே சொன்னாரு." எடுக்காமல் பார்க்க முடியாதா என்று கேட்பவர்கள் நின்றுபோனார்கள். பெஞ்சு மறுபடி நிறைந்தது.

தங்கசாமிக்கும் செய்தி எட்டியது. ஒரு நாள் அருப்புக்கோட்டைக்குச் சரக்கு எடுக்க வந்தவர் கடைக்குள் வந்து உட்கார்ந்தார்.

"பிள்ளை செஞ்ச பல்லு வீணாப் போச்சாம்ல தம்பி?"

"சின்னப் பிள்ளைதான அண்ணாச்சி. போகப் போகக் கத்துக்கிடும்."

தங்கசாமி தலையைக் குனிந்துகொண்டு மேல்துண்டின் ஓரத்தை விரலில் சுற்றினார். அவரை அப்படிப் பார்க்கச் சங்கரலிங்கம் ஐந்து வருடமாக ஆசைப்பட்டிருந்தார். பார்த்தபோது வாய்க்குள் கசந்தது. அந்தப் பல்லை அவர் எறியவில்லை. பஞ்சில் சுற்றி, மேஜை இழுப்பறையில், கட்டுப்பல் செய்கிற மெழுகுக்கு அடியில் வைத்திருந்தார். ஏன் வைத்திருந்தார் என்று கேட்டால் அவரால் சொல்ல முடிந்திருக்காது. ஆளில்லாத நேரத்தில் எடுத்துப் பார்ப்பார். பார்க்கும்போதெல்லாம் பொறாமை குறையும் என்று எதிர்பார்ப்பார். அது கூடும்.

1970 பொங்கலுக்குச் சௌந்தரம் ஊருக்கு வந்தாள். படிப்பு முடிந்து ஆஸ்பத்திரியில் பயிற்சியில் இருந்தாள். மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் காலையில் கடைக்கு வந்தாள். கையில் நீளமான நோட்டு.

"சித்தப்பா, நல்லா இருக்கீகளா? ஒரு விவரம் கேக்கணும்."

அவள் கோபத்தோடு வந்திருப்பாள் என்று நினைத்து அவர் தயாராக இருந்தார். அவளோ நோட்டைப் பிரித்தாள். படிக்கிற காலத்தில் அவள் ரூட் கெனால் என்கிற வேர் வைத்தியம் செய்த ஆட்கள் எல்லாருடைய பேரும் அதில் இருந்தது. ஒவ்வொருவருக்கும் கார்டு எழுதிப் போட்டுக் கேட்டிருந்தாள்: வலி உண்டா, வீக்கம் உண்டா, மெல்ல முடிகிறதா. சிலரை வீடு தேடிப் போயும் பார்த்திருந்தாள்.

"இருபத்திரண்டு பேருக்குப் பண்ணேன் சித்தப்பா. நாலு போச்சு. ஒண்ணுல அடைப்பு வேர் நுனி வரைக்கும் போகல. ஒண்ணுல நுனியத் தாண்டி வெளிய போயிருச்சு. ரெண்டு எதனாலன்னு தெரியல. அழகுத்தாய் அக்காது அஞ்சாவது."

கூச்சமில்லாமல் சொன்னாள். சங்கரலிங்கத்துக்கு அதுதான் தாங்கவில்லை. தோற்றதை எண்ணி, பேர் போட்டு எழுதி, ஊரெல்லாம் கொண்டுபோய்க் காட்ட இந்தப் பெண்ணால் முடிகிறது. அவர் முறித்த ஒரே ஒரு ஊசியை வீட்டுக்காரியிடம்கூடச் சொன்னதில்லை.

"மேல் பல்லு, ரெண்டு வேரு. அப்பவே எனக்குப் பயமாத்தான் இருந்துச்சு. படத்துல ஒரு வேரு மேல இன்னொண்ணு விழுந்து சரியாத் தெரியல. இதுவும் போச்சுன்னா இந்த மாதிரிப் பல்லுக்கு நான் வேர் வைத்தியமே பாக்கப் போறதில்ல. எடுத்துரச் சொல்லலாம்னு இருக்கேன். அங்க அடுத்த வாரம் ரெண்டு பேரு இதே பல்லுக்குக் காத்திருக்காங்க."

"எடுக்கிறதுதான் நல்லது" என்றார் சங்கரலிங்கம்.

சௌந்தரம் நோட்டில் எழுதப்போனவள் நிறுத்தினாள்.

"ஆனா ஒண்ணு சித்தப்பா. அழகுத்தாய் அக்காவப் பாத்துட்டுத்தான் வாரேன். வேர் உடையாம முழுசா எடுத்தீகன்னு சொன்னாக. நெசமா? வேர் வைத்தியம் பண்ணுன பல்லு மொறுமொறுன்னு இருக்கும். எங்க காலேஜ்ல பாதிக்குப் பாதி உடைஞ்சுதான் வரும். பெரிய டாக்டர்களே உளி வச்சுத் தோண்டி எடுப்பாங்க."

கல்லூரியில் படித்த ஒருவர் அவர் கைவேலையைப் புகழ்ந்தது அதுதான் முதல் தடவை. அவர் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் எழுந்திருக்கமாட்டார். இழுப்பறையைத் திறந்து, மெழுகை ஒதுக்கி, பஞ்சைப் பிரித்து நீட்டினார்.

"பாரு. ரெண்டும் முழுசு. நுனிகூட மழுங்கல."

சௌந்தரம் பல்லை வாங்கினாள். ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனாள், அவர் அன்றைக்கு நின்ற அதே இடத்துக்கு. அப்போதுதான் தான் என்ன செய்துவிட்டோம் என்று அவருக்கு உறைத்தது. அவள் பல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நகத்தால் நுனியைத் தடவினாள்.

"அழகா எடுத்திருக்கீக" என்றாள் மெதுவாக. பிறகு, "இது கெட்டுப்போன பல்லு இல்லையே சித்தப்பா" என்றாள்.

பல்லை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அவர் பக்கம் திரும்பினாள்.

"தட்டிப் பாத்தீகளா?"

"பாத்தேன்."

"வலிச்சுச்சா?"

பொய் நாக்கு நுனியில் இருந்தது. அந்தப் பொய்யைச் சொன்னால் அவள் நம்பினாலும் நம்புவாள். சங்கரலிங்கம் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார்.

"இல்ல. அடுத்த பல்லுதான் வலிச்சுச்சு."

"தெரிஞ்சா எடுத்தீக?"

"தெரிஞ்சும் தெரியாமலும்னு சொல்லலாம். ஆனா தெரியும்."

"எதுக்கு சித்தப்பா?"

"நீ செஞ்சது நின்னுச்சுல்ல. அதுக்குத்தான்."

சௌந்தரம் அழுவாள் என்று பார்த்தார். அவள் அழவில்லை. முகம் மட்டும் சிவந்தது. "எம் மேல கோவம்னா என்னைய நாலு வார்த்த திட்டியிருக்கலாம். அந்த அக்கா என்ன பண்ணாக? ரெண்டு பல்லு போச்சு. கெட்ட பல்லுக்கும் வேர் வைத்தியம் பாத்திருக்கலாம். எங்கிட்ட அனுப்பியிருந்தா அதுவும் நின்னிருக்கும்" என்றாள். நோட்டில் அழகுத்தாய் பேருக்கு எதிரே எதையோ எழுதினாள். பல்லைப் பஞ்சில் சுற்றித் தன் பைக்குள் வைத்தாள்.

"அண்ணாச்சிகிட்டச் சொல்லுவியா?"

"அப்பாகிட்ட நான் சொல்லல. அழகுத்தாய் அக்காகிட்ட நீங்க சொல்லணும். நீங்க சொல்லலன்னா நான் சொல்லுவேன். ஞாயித்துக்கெழம பஸ் ஏறுறேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

சனிக்கிழமை சங்கரலிங்கம் கடையைப் பூட்டிவிட்டுப் பந்தல்குடிக்குப் பஸ் ஏறினார். அழகுத்தாய் களத்தில் மிளகாய்ப் பழம் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். கூலியாட்கள் நான்கைந்து பேர் இருந்தார்கள். தனியாகக் கூப்பிட்டுச் சொல்லலாம் என்றுதான் வந்தார். "என்னய்யா, இம்புட்டு தூரம்? சும்மா சொல்லுங்க" என்று அவள் நிமிர்ந்து நின்றதால் அங்கேயே சொன்னார். நல்ல பல்லை எடுத்ததைச் சொன்னார். ஏன் எடுத்தார் என்பதையும் சொன்னார்.

அழகுத்தாய் கையிலிருந்த மிளகாயைக் கீழே போட்டாள்.

"ஒங்களுக்கும் அந்தப் பிள்ளைக்கும் போட்டின்னா, என் வாயா ஒங்களுக்குக் களம்?" என்றாள். "ஊரெல்லாம் அந்தப் பிள்ளையப் பழிச்சுப் பேசினேனேய்யா. என் வாயால பேச வச்சுட்டீகளே. அது பல்லு போனத விடப் பெரிசு."

"தப்புதாம்மா."

"தப்புன்னா முடிஞ்சுச்சா? எந்த எந்த எடத்துல பேசினேனோ அங்கெல்லாம் திரும்பப் போயிச் சொல்லுவேன். ஒங்க பேரச் சொல்லித்தான் சொல்லுவேன்."

"சொல்லுங்க."

அவள் தண்ணீர் கொடுக்கவில்லை. உட்காரவும் சொல்லவில்லை. அவர் திரும்பி ரோட்டுக்கு நடந்தார்.

சொன்னபடி செய்தாள். பந்தல்குடியில் தொடங்கி மாசி முடிவதற்குள் மல்லாங்கிணறு வரை பேச்சுப் போய்விட்டது. பெஞ்சு பாதியாகக் குறைந்தது. வருகிறவர்களும் நாற்காலியில் சாய்ந்ததும், "தட்டிப் பாத்து எடுங்கய்யா" என்றார்கள். சங்கரலிங்கம் தட்டிப் பார்த்தார். ஒவ்வொருவரிடமும், "இதுவா? இதுவா?" என்று வாயால் கேட்டு, அவர்கள் தலையசைத்த பிறகே குறட்டை எடுத்தார். தங்கசாமி ஒரு வருடம் பேசவில்லை. கோகிலாம்பாள் பேசினாள், ஆனால் நடந்ததைப் பற்றி ஒரு சொல்லும் கேட்கவில்லை. அதுதான் அவருக்குக் கூடுதல் தண்டனையாக இருந்தது.

பங்குனியில் அழகுத்தாய் வந்தாள்.

"ரெண்டு பல்லுக் கட்டணும்."

"நானா?"

"எடுத்தது யாரு? நீங்கதான கட்டணும்?"

பதினைந்து நாள் எடுத்துக்கொண்டார். இரண்டு முறை செய்து, நிறம் சேரவில்லை என்று உடைத்துப்போட்டு, மூன்றாம் முறை செய்ததை மாட்டிவிட்டார். அவள் கண்ணாடியில் பார்த்தாள், கடித்துப் பார்த்தாள். "ம்" என்றாள். நன்றாயிருக்கிறது என்று அவரிடமும் சொல்லவில்லை, வேறு யாரிடமும் சொன்னதாகத் தெரியவில்லை.

1972-ல் சௌந்தரம் விருதுநகரில் சொந்தமாக ஆஸ்பத்திரி தொடங்கினாள். பலகையில் பேருக்கு முன்னால் டாக்டர் என்று இருந்தது. சங்கரலிங்கம் திறப்புக்குப் போனார். பந்தியில் சாப்பிடாமல் வந்துவிட்டார். பொறாமை போய்விட்டதா என்றால் போகவில்லை. படம் எடுக்கிற மெஷினைப் பார்த்துவிட்டு வந்த அன்றைக்கு நாளெல்லாம் அவருக்கு நெஞ்சு எரிந்தது. ஆனால் காப்பாற்றக்கூடிய பல்லோடு யாராவது வந்து உட்கார்ந்தால், கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டு, "இத எடுக்க வேணாம். விருதுநகர் போங்க, எங்க அண்ணாச்சி மக இருக்கா" என்று சொல்வார். முதல் வருடம் அப்படி ஒன்பது பேரை அனுப்பினார்.

ஒன்பதாவதாகப் போன ஆள் திரும்பி வந்து, "வலி சுத்தமா இல்லய்யா. ஒங்களத்தான் ரொம்ப விசாரிச்சாக அந்த அம்மா" என்றார்.

சங்கரலிங்கம் அவரை நாற்காலியில் சாயச் சொன்னார். கண்ணாடியின் காம்பால் அந்தப் பல்லைத் தட்டினார். ஆள் அசையவில்லை. இன்னும் ஒரு தடவை, கொஞ்சம் அழுத்தித் தட்டினார்.

"வலிக்கலய்யா" என்றார் அவர்.

"ம். எந்திரிங்க" என்று சொல்லிவிட்டுச் சங்கரலிங்கம் கை கழுவப் போனார்.